சோளம் கொட்டாத உத்தமர்

லாயிட் பெல்டோலா முப்பத்தோரு வருஷம் எங்கள் மாவட்டத்தில் ஓட்டுநர் உரிமப் பரீட்சை எடுத்தவர். ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது ஃபெயில் ஆக்கியிருக்கிறார். பெண்டாட்டி கார்லீனை இரண்டு தடவை. என் வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி அரையடி முன்னால் நின்றதென்று, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கிக் குனிந்து டேப் வைத்து அளந்தார். அரையடி இல்லை, ஏழு அங்குலம் என்று திருத்தமும் செய்தார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றதும் அளக்க எதுவும் இல்லாமல் தவித்துப் போனார். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. அதற்கப்புறம்தான் மான் வேட்டையில் ஒரு கோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்.

வேட்டை அவருக்குப் புதிதல்ல. எங்கள் பக்கம் மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தால் வாத்தியாரே வரமாட்டார். புதிது அந்தக் கோடுதான். மானுக்காக மண்ணைக் கொத்தி க்ளோவர் தீவனப்புல்லும் டர்னிப் கிழங்கும் விதைத்து, அது மேய வரும்போது சுட்டால் தர்மம். மூன்று கால் வைத்த தகர டிரம்மில் சோளத்தை நிரப்பி, காலையும் மாலையும் அது தானாகத் தூவ, மான் தின்ன வரும்போது சுட்டால் அதர்மம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து லாயிட்டின் நடையே மாறிவிட்டது. தேவாலயத்து மீன் விருந்தில், முடிவெட்டும் கடையில், சவ ஊர்வலத்தில்கூட ஆளைப் பிடித்து நிறுத்திப் பிரசங்கம் செய்தார்.

நான் தீவனக் கடை வைத்திருப்பவன். விதையும் விற்கிறேன், சோளமும் விற்கிறேன், டிரம்மும் அதற்கான டைமரும் விற்கிறேன். எனவே பிரசங்கத்தில் பெரும்பங்கு எனக்குத்தான் விழுந்தது.

"டிரம்முக்குப் பக்கத்துல உக்காந்து சுடுறதெல்லாம் வேட்டையா ஹார்வி? ஓட்டல் வாசல்ல நின்னுக்கிட்டு சாப்பிட வர்றவனை அடிக்கிற மாதிரி."

"அப்ப உங்க தோட்டம்?"

"தோட்டம் விவசாயம்ப்பா. மான் அது பாட்டுக்கு வருது, மேயுது, போகுது. அது அதோட இஷ்டம்."

"அதுக்கு நடுவுல பரண் கட்டி வச்சிருக்கீங்களே."

"அது என் இஷ்டம்."

அவர் சொன்னதில் ஒன்றுமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரே டிரம்மடியில் இருபது மான் மூக்கை நுழைத்தால் ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்கு ஒட்டும், நோய் பரவும். தோட்டமென்றால் பரவலாக மேயும், வேட்டைக் காலம் முடிந்த பிறகும் வயிற்றுக்கு ஏதோ கிடைக்கும். இதையெல்லாம் நியாயமாக, அமைதியாக ஒரு மனிதர் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கலாம். லாயிட் சொன்னால் உடனே ஒரு டிரம் வாங்கி வாசலில் வைக்கத் தோன்றும்.

அவருடைய பிரசங்கம் உண்மையில் குறிவைத்தது ஒரே ஓர் ஆளை. கார்லீனின் அண்ணன் வெஸ்லியை.

வெஸ்லி இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறைச் சரிவில் இடது முழங்கால் நசுங்கி, அதற்கப்புறம் கைத்தடிதான். மரத்தில் கட்டிய பரணில் ஏற முடியாது, காட்டுக்குள் தூரமாக நடக்கவும் முடியாது. நாங்கள் கூட்டாக வைத்திருக்கும் வேட்டைக் கேம்ப்பின் காட்டில் வண்டிப் பாதையிலிருந்து நாற்பது தப்படியில் அவருக்கென்று ஒரு பலகைக் கொட்டில் இருந்தது. அங்கே பைன் மர நிழல், கீழே வெறும் மணல். க்ளோவர் கிடக்கட்டும், கோரைகூட முளைக்காது. அதனால் டிரம் வைத்தார். அரசாங்கம் அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு பிடிகூடப் போடமாட்டார்.

அந்தக் கேம்ப்பைக் கட்டியதே வெஸ்லியின் அப்பாதான். மரம் வெட்டி, அறுத்து, அடுப்புக்குக் கல் சுமந்து கட்டியது. காடு ஒரு கம்பெனியிடம் எடுத்த குத்தகை. கிழவர் போன பிறகு குத்தகை கேம்ப் பேருக்கு மாறியது. பதினோரு பேர், பதினோரு கை, பெரும்பான்மை சொன்னால் சட்டம். வெஸ்லி எட்டு வயதிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் பதினான்காம் தேதியே வந்து அடுப்போரக் கட்டிலில் படுத்து, பதினைந்தாம் தேதி விடியுமுன் மற்றவர்களோடு எழுந்து கிளம்புவார். கொம்பு பெரிதா சின்னதா என்பது பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. அந்தக் கட்டிலும் அந்த விடியலும் போதும் அவருக்கு.

லாயிட்டுக்கு வேண்டியது வேறு. கேம்ப் சுவரில் ஒரு பலகை உண்டு. அந்தந்த வருஷத்தின் பெரிய கொம்பனைச் சுட்டவர் பெயரை அதில் சூட்டுக்கோல் வைத்து எழுதுவோம். வெஸ்லியின் பெயர் நாலு இடத்தில் இருக்கிறது. லாயிட்டின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இதை நான் ஏதோ தற்செயலாகச் சொல்லவில்லை.

செப்டம்பரில் விறகு வெட்டவும் புகைபோக்கி துடைக்கவும் எல்லாரும் கேம்ப்பில் கூடுவோம். அந்த வருஷம் கார்லீன் கொடுத்தனுப்பிய, இறைச்சியும் டர்னிப்பும் அடைத்துச் சுட்ட பாஸ்டியை ஆளுக்கொன்று கையில் வைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, லாயிட் சட்டைப் பையிலிருந்து மூன்று பக்கக் காகிதம் எடுத்தார். தட்டச்சு செய்தது. முதல் விதி, கேம்ப் நிலத்தில் யாரும் டிரம் வைக்கக் கூடாது, தானியம் கொட்டக் கூடாது. விதைத்து வளர்த்த தோட்டம் மட்டும் கூடும். மீறினால் கேம்ப்பை விட்டு வெளியே. இரண்டாவது விதி, சுட்ட மானின் இரைப்பையை எல்லார் முன்னாலும் அறுத்துக் காட்ட வேண்டும். உள்ளே சோளம் இருந்தால் பலகையில் பெயர் ஏறாது.

வெஸ்லி பாஸ்டியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ளே, உன் தோட்டத்துக்கு டிராக்டர் எத்தனை நாள் ஓடுச்சு?"

"மூணு நாள்."

"சுண்ணாம்பு எத்தனை மூட்டை?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"இல்ல, டிராக்டரும் இடுப்பும் நல்லா இருக்கிறவன் மானுக்குச் சோறு போட்டா அது விவசாயம். முட்டி போனவன் போட்டா அது மோசடி. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு கேட்டேன்."

"இது ஆளைப் பாத்து எழுதின விதியில்ல மச்சான். கொள்கை. உனக்கு இடமில்லன்னு யார் சொன்னா? என் பரண்ல வந்து உக்காரு. பாதி நேரம் உனக்கு."

"எத்தனை படி?"

லாயிட் கொஞ்சம் தயங்கி, "பதினாலு" என்றார். அந்த நேரத்திலும் சரியான எண்ணைத்தான் சொன்னார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கை தூக்கச் சொன்னார்கள். ஏழு கை எழுந்தது. ஏழாவது கை என்னுடையது. வெஸ்லி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பாஸ்டியை முழுக்கத் தின்று முடித்தார், தங்கை செய்தது இல்லையா. பிறகு அடுப்போரக் கட்டிலிலிருந்து தன் கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கைத்தடியை ஊன்றி வண்டிக்குப் போனார். கம்பளியை நான் தூக்கித் தருகிறேன் என்றதற்கு, "வேணாம்ப்பா, உன் கை அசந்து போயிருக்கும்" என்றார்.

அந்த வருஷம் வானம் லாயிட்டை ஃபெயில் ஆக்கியது. ஆகஸ்டிலேயே மழை நின்றிருந்தது. செப்டம்பரிலும் வரவில்லை. அக்டோபர் முதல் வாரம் உறைபனி விழுந்து, இருந்த க்ளோவரும் கருகியது. டர்னிப் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. கடைக்கு வந்து என்னிடம் விதை சரியில்லை என்றார். அதே விதை என் வீட்டுக் கிணற்றடியில் தலையளவு விளைந்திருந்ததைக் காட்டினேன். மரத்தில் கட்டி வைத்த கேமராவில் பெரிய கொம்பன் ஒன்று தோட்டத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன படத்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பன்னிரண்டு கிளைக் கொம்பு. மோந்து பார்த்துவிட்டுப் போனதுதான் அவரை அரித்தது.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி என்ன நடந்தது என்பதைப் பின்னால் கார்லீன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நம் ஊர்க் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று லாயிட் அறுபது மைல் வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். அங்கே நாற்பது டர்னிப் வாங்கியிருக்கிறார், ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. கல்லாவில் இருந்த பெண், "வீட்ல விசேஷமா?" என்று கேட்டிருக்கிறாள். "பாஸ்டி" என்றிருக்கிறார் லாயிட். வாடாமல் இருக்கக் கடைக்காரர்கள் அதன் மேல் மெழுகு பூசி விற்பார்கள். வீட்டுக்கு வந்து சமையலறைத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி மெழுகெடுத்திருக்கிறார். தொட்டி அடைத்துக்கொண்டது. என்னவென்று கேட்ட பெண்டாட்டியிடம், "கேம்ப்புக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் தோட்டக் கரண்டியோடு பட்டப்பகலில் காட்டுக்குப் போய் நாற்பது குழி தோண்டி நாற்பதையும் நட்டிருக்கிறார். வரிசையாக, ஒரே இடைவெளியில். டேப் வைத்துத்தான் நட்டிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

பதினைந்தாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு ஒரே வெடி. ஒன்பது மணிக்குக் கொம்பனைக் கேம்ப் வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார்கள். பன்னிரண்டு கிளை. லாயிட் தன் வாழ்நாளில் அவ்வளவு உயரமாக நின்று நான் பார்த்ததில்லை. மானைக் கம்பத்தில் தொங்கவிட்டுக் குடலை உருவியபோது, இரைப்பையை வாளியில் போட்டுத் தனியாக நடுவில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு லாயிட் அண்ணே, நாத்தம் குடலைப் புடுங்கும்" என்றான் ஆர்வில். அவன் மர அறுவை ஆலைக்காரன், கேம்ப்பின் சாப்பாட்டுப் பிரியன்.

"விதின்னா விதி. எனக்கும் அதே விதிதான். எல்லாரும் கிட்ட வாங்க."

வந்தோம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தன் கத்தியாலேயே கீறினார். பச்சைக் கூழ் வாளியில் சரிந்தது. கொஞ்சம் ஓக் கொட்டை, இலைச் சக்கை, அதற்குள் வெள்ளை வெள்ளையாக டர்னிப் துண்டுகள். ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார்.

"பாத்துக்குங்க. சோளம் ஒண்ணு இருக்கா? ஒண்ணே ஒண்ணு?"

சோளம் இல்லை. ஆர்வில் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றான். இரண்டு விரலால் எதையோ எடுத்துப் பனியில் தேய்த்துத் துடைத்தான். கட்டைவிரல் நகத்தளவு காகிதம், கடைக் காய்களில் ஒட்டுவது. நீள்வட்டம். மேலே நாலு எண், கீழே பொடி எழுத்தில், 'கனடா விளைச்சல்'.

அது கைமாறி ஒரு சுற்று வந்தது. பிறகு ஆர்வில் சொன்னான், "பாவம், இந்த மான் மேயுறதுக்கு எல்லை தாண்டிப் போயிட்டு வந்திருக்கு. சுங்கத்துல நிறுத்தலையா இதை?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கம்பத்தில் தொங்கிய மான் ஆடியது. லாயிட் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொன்பது ஒட்டுக்காகிதத்தை உரித்தவர், ஒன்றை விட்டுவிட்டார்.

"மண்ணுல நட்டேன்" என்றார் கடைசியில். "கொட்டல. நட்டேன். நட்டா நடவுதானே?"

"வேர் விட்டுச்சா அண்ணே?"

"டர்னிப்பே வேர்தான்டா."

மத்தியானம் உள்ளே கூடி உட்கார்ந்தோம். முதலில் எல்லாருக்கும் உற்சாகம். லாயிட்டின் மூன்று பக்கத்தை எடுத்து லாயிட்டுக்கே படித்துக் காட்டினார்கள். விதைத்து வளர்த்தது மட்டும் கூடும், மீறினால் வெளியே. வெளியே அனுப்பிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம்தான் அறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது.

லாயிட்டின் தோட்டம் பொய்த்த வருஷம் மற்றவர்களுடையது மட்டும் செழித்துவிடுமா? ஆர்விலின் ஒற்றை ஆப்பிள் மரத்தடியில் எட்டுக் கூடை ஆப்பிள் கிடந்தது, மரமே ஒரு கூடைதான் காய்க்கும். இன்னொருவர் வேறு வயலில் விளைந்த சோளத் தட்டைகளைக் கதிரோடு வெட்டி வந்து தன் தோட்டத்தில் குத்தி நிறுத்தியிருந்தார், காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒருவர் பூசணிக்காயைக் கொடி இல்லாமலே விளைவித்திருந்தார். யார் என்ன வாங்கினார்கள் என்பது எனக்குத்தான் தெரியுமே. லாயிட்டை அனுப்பினால் நாளைக்கு ஆளாளுக்குத் தோட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ஆர்வில்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "யோசிச்சுப் பாத்தா, மண்ணுக்குள்ள இருந்ததுதானே. மண்ணுக்குள்ள இருந்தா விவசாயம்னுதான் சொல்லணும்."

"எவ்வளவு உள்ள?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு அங்குலமாவது" என்றார் லாயிட், தலை நிமிராமல்.

ஒரு அங்குலம் என்று விதியில் பேனாவால் சேர்த்தோம். கை தூக்கினோம். இருந்தவர் பத்துப் பேர், லாயிட்டை விட்டால் ஒன்பது கை. ஒன்பதும் எழுந்தது. பலகையில் லாயிட் பெல்டோலா என்று சூட்டுக்கோலால் எழுதினான் ஆர்வில். அப்படியானால் வெஸ்லியைத் திரும்பக் கூப்பிட வேண்டாமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியது, வாய்வரைக்கும் வந்தது. அடுப்போரக் கட்டிலில் லாயிட் தன் பையை வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா. அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் 'கனடா விளைச்சல்' கார்லீன் காதுக்குப் போய்விட்டது. அவள் நேராக என் கடைக்கு வந்தாள். தொட்டி அடைத்த கதையையும் கல்லாப் பெண் கேட்ட கேள்வியையும் அப்போதுதான் சொன்னாள். புருஷன் வாயிலிருந்து முந்தின இரவே எல்லாவற்றையும் கறந்துவிட்டிருந்தாள்.

"டிரம் ஒண்ணு குடு ஹார்வி. நாலு மூட்டை சோளம்."

"எங்க வைக்கப் போற?"

"என் வீட்டுப் பின்பக்கம், அண்ணனுக்கு. எங்கப்பா எனக்கு எழுதி வச்ச வீடு. அங்க ஓட்டெடுப்பு வச்சா ஒரே ஒரு கைதான்."

"லாயிட் அண்ணன் ஒத்துக்குவாரா?"

"அவருக்குத்தான் மான் கிடைச்சாச்சே. வேட்டைக் காலம் முடியிற வரைக்கும் வீட்ல சும்மாதானே இருக்கார். மூட்டை தூக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. கடைக்குச் சோளம் வாங்க லாயிட்டே வந்தார். வண்டியைக் கடைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, மூட்டை மேலே தார்ப்பாய் போட்டு மூடினார். அவராகவே, உடைத்த சோளம் நல்லதா முழுச் சோளம் நல்லதா என்று மெதுவாக விசாரித்தார். முழுதுதான் டிரம்மில் அடைக்காமல் விழும் என்றேன். குறித்துக்கொண்டார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மனது கேட்காமல் ஒரு மூட்டைச் சோளத்தை வண்டியில் போட்டுக்கொண்டு, அன்பளிப்பாகக் கொடுக்கலாமென்று கார்லீன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் வெஸ்லி மெத்தை போட்ட நாற்காலியில், காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி, கையெட்டும் தூரத்தில் காபி. வெளியே அறுபது தப்படி தள்ளி, தர்மவான் லாயிட் பெல்டோலா ஏணியில் நின்று டிரம்முக்குள் சோளம் கொட்டிக்கொண்டிருந்தார்.

வெஸ்லி ஜன்னலைத் திறந்து, "மாப்ளே, மூடியை நல்லா அழுத்து. நேத்து ஈரம் எறங்கிருச்சு" என்று சத்தம் கொடுத்தார். லாயிட் அழுத்தினார்.

"சுட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"சின்னது ஒண்ணு. குளிர்காலத்துக்குக் கறி ஆச்சு." ஜன்னலை மூடினார். "எட்டு மணிக்கு எந்திரிச்சா போதும் இங்க. மெத்தைக் கட்டில். தங்கச்சி காபி கொண்டாந்து குடுக்குறா. எல்லாம் வசதியாத்தான் இருக்கு." காலை முக்காலியில் சரியாக வைத்துக்கொண்டார். "பதினைஞ்சாம் தேதி என் வீட்ல மூணு மணிக்கே முழிப்பு வந்திருச்சு. எந்திரிச்சு பூட்ஸெல்லாம் போட்டுட்டேன். அப்புறம் கழட்டிட்டேன்."

நான் ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வர்ற செப்டம்பர்ல நான் பேசுறேன் அண்ணே. அந்த விதியை எடுத்துரலாம். என் கை உங்களுக்குத்தான்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு ஆறு கை எந்திரிச்சப்பவே முடிஞ்சு போச்சு. பதினொண்ணுல ஆறு போதும். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு நான் வெளியன்னு. அதுக்கப்புறம்தான் உன் கை எந்திரிச்சுது." காபியை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அது எதுக்குப்பா ஹார்வி? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

பதில் எனக்குத் தெரியும். க்ளோவர் விதை மூட்டை ஒன்றில் கிடைக்கிற லாபம் சோளம் ஐந்து மூட்டை விற்றாலும் கிடைக்காது. விதி வந்தால் கேம்ப்பில் மிச்சமிருக்கிற எல்லாரும் என்னிடம் விதை வாங்கியாக வேண்டும். அன்றைக்கு லாயிட் என் பக்கத்தில் நின்று, யார் யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்தோட கூட்டமா தூக்கிட்டேன் அண்ணே" என்றேன்.

"சரி" என்றார் வெஸ்லி. "காபியைக் குடி, ஆறிடும்."